நாம் பார்க்காத ராஜபாளையம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். முதல் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் என் உறவினர் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் ராஜபாளையத்தில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளையவர் அவருடைய மைத்துனர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறார். பேச்சு எப்படியோ கொரோனா ஊரடங்கில் போய் நின்றது.

"அன்னைக்கு அடைக்காம விட்டிருந்தா நம்ம தெருவுல பாதி வீட்ல விளக்கேத்த ஆள் இருந்திருக்காது மாப்ள" என்றார் மூத்தவர்.

"என்னத்த அடைச்சு என்ன அத்தான்? அடைச்சும் எல்லாருக்கும் வந்துட்டுத்தான போச்சு. வாங்கின பால என்ன செய்யன்னு தெரியாம கீழ ஊத்துனதுதான் மிச்சம்" என்றார் இளையவர்.

இருவர் பேச்சிலும் பொய் இல்லை. மூத்தவர் 2021 மே மாதத்தில் உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். இளையவர் அடுப்பை அணைத்துவிட்டு, வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தவர். "நீதான் இதெல்லாம் படிக்கிறியே, நீ சொல்லு, ஊரடங்கு வேலை செஞ்சுதா இல்லையா?" என்று என் பக்கம் திரும்பினார்கள். பந்திக்கு நடுவே நின்று சொல்லிவிடக் கூடிய பதில் அன்று என்னிடம் இருக்கவில்லை. அவர்கள் இருவரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஊரடங்கு எதைத் தடுக்கிறது?

கொரோனாக் கிருமி தானாக நடந்து வருவதில்லை. ஒருவர் விடும் மூச்சிலிருந்து இன்னொருவர் இழுக்கும் மூச்சுக்குப் போகிறது. இரண்டு மூச்சுகளும் ஒரே காற்றில் கலக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் ஊரடங்கின் முழு வேலையும். நோய் தொற்றிய ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதை ஆய்வாளர்கள் 'பரவல் எண்' என்று கணக்கிடுகிறார்கள். அது ஒன்றுக்கு மேலே இருந்தால் நோய் பெருகும். கீழே இருந்தால் தேயும்.

ஒன்றுக்கு அக்கம்பக்கத்தில் நிகழும் சிறு மாற்றம்கூடப் பெரிய விளைவைத் தரும். பத்து நோயாளிகள் சேர்ந்து பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தால் பரவல் எண் 1.2. ஒன்பது பேருக்குக் கொடுத்தால் 0.9. வித்தியாசம் மூன்றே பேர். ஐந்து நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஆறு சுற்று. நூறு நோயாளிகளில் தொடங்கினால், முதல் கணக்கில் ஆறாவது சுற்றில் ஏறக்குறைய 300 பேர் நோயாளிகளாக இருப்பார்கள். இரண்டாவது கணக்கில் 53 பேர். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்த மூன்று பேரில் இருக்கிறது.

ஆகவே, மனிதர்கள் சந்திப்பதைக் குறைத்தால் நோய் குறையும் என்பதில் அறிவியலுக்குச் சந்தேகம் கிடையாது. விவாதம் வேறு இடத்தில் இருக்கிறது. அரசு ஓர் ஆணை போட்டதால் சந்திப்பு எவ்வளவு குறைந்தது? அந்த ஆணை இல்லாவிட்டால் எவ்வளவு குறைந்திருக்கும்? இதைச் சொல்ல வேண்டுமென்றால் ஊரடங்கு போட்ட ராஜபாளையத்தை, அதே மாதத்தில் அதே மக்களோடு ஊரடங்கு போடாத ராஜபாளையத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ராஜபாளையத்தை யாரும் பார்த்ததில்லை. அத்தான் பயந்ததும் அந்த ஊரை நினைத்துத்தான். மாப்பிள்ளை நம்ப மறுத்ததும் அந்த ஊரைத்தான். அதை நேரில் பார்க்க வழியில்லாததால் ஆய்வாளர்கள் அதற்கு ஈடாக வேறொரு ஊரை, மாவட்டத்தை, நாட்டைத் தேடி ஒப்பிடுகிறார்கள். ஒப்பீட்டின் பலமும் பலவீனமும் அந்த ஈடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது.

பக்கத்து ஊரை வைத்து ஒரு பாடம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் பதினோரு கிலோமீட்டர் இருக்கும். விருதுநகர் என்ற ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர், ஒரே ஊரடங்கு ஆணை. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் பிழைப்பு வேறு. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அதையொட்டிய சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் துணியை நெய்யும் விசைத்தறிகளின் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலையும் பால்கோவாவையும் வெளியூர் ஆட்கள் வந்து போவதையும் நம்பி நிற்பது.

கணக்கு விளங்குவதற்காக ஒன்றைக் கற்பனை செய்வோம். ஒரு நாளில் இரண்டு ஊரிலும் தலா 50 பேருக்குத் தொற்று என்று செய்தி வருகிறது. இரண்டும் சமம் என்று தோன்றும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர்; ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேர். லட்சத்துக்கு எத்தனை என்று வகுத்தால் ராஜபாளையத்தில் 38, ஸ்ரீவில்லிபுத்தூரில் 67. தலைப்புச் செய்தியில் சமமாக இருந்தது, வகுத்ததும் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகிவிட்டது. முதல் பாடம் இது: ஆள் கணக்கில் வகுக்காத எண்ணை ஊருக்கு ஊர் ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. 'தொற்று உறுதியானோர்' என்ற எண், பரிசோதனை செய்துகொண்டவர்களின் கணக்கு. பரிசோதிக்காதவர் அதில் வரமாட்டார். இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைத் தமிழ்நாடு தானே அளந்து பார்த்தது. 2020 அக்டோபர், நவம்பரில் பொதுச் சுகாதாரத் துறை மாநிலம் முழுக்க 26 ஆயிரம் பேருக்கு மேல் ரத்தம் எடுத்து, கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தது. உடலில் கிருமி வந்துபோனதற்கான தடம் அது. காய்ச்சலே தெரியாமல் வந்து போயிருந்தாலும் தடம் இருக்கும். ஆய்வின் முடிவு: மாநில மக்களில் 31 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. தலைக்கணக்கில் இரண்டேகால் கோடிப் பேர். அதே நவம்பர் முடிவில் அரசின் பதிவில் இருந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு. பதிவானது ஒன்று என்றால், நடந்தது முப்பதுக்கு நெருக்கமாக இருந்தது.

அந்த ஆய்வில் மாவட்டங்களுக்கு இடையே இருந்த ஏற்றத்தாழ்வு அதைவிடப் பெரிய செய்தி. நீலகிரியில் 11 சதவீதம். பெரம்பலூரில் 51 சதவீதம். பெரம்பலூரோ, பதிவான தொற்று எண்ணிக்கையில் மாநிலத்தின் அடிமட்டத்தில் இருந்த மாவட்டங்களில் ஒன்று. தினமும் மாலையில் வந்த பட்டியலை மட்டும் பார்த்தவர், 'பெரம்பலூரில் ஊரடங்கு அருமையாக வேலை செய்கிறது' என்று முடிவு கட்டியிருப்பார். ரத்தம் எதிர்மாறாகச் சொன்னது.

பதினொரு மாவட்டங்கள்

மூன்றாவது பாடத்துக்கு 2021 ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும். இரண்டாம் அலை இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஜூன் 7 முதல் தமிழக அரசு மாநிலத்தை இரண்டாகப் பிரித்தது. கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய 11 மாவட்டங்களில் கட்டுப்பாடு கடுமையாக நீடித்தது. விருதுநகர் உள்ளிட்ட மற்ற 27 மாவட்டங்களில் தளர்வுகள் கூடுதலாகக் கிடைத்தன.

ஒரே மாநிலம், ஒரே நேரம், இரண்டு விதமான ஊரடங்கு. ஒப்பீட்டுக்கு இதைவிட வாய்ப்பு கிடைக்குமா என்று தோன்றும். எண்களை அடுக்கினால், கடுமையாக அடைத்த மாவட்டங்களில்தான் தொற்று அதிகம். 'பார்த்தீர்களா, அடைத்தால் நோய் கூடுகிறது' என்று ஒருவர் வாதிடலாம். உலகம் முழுக்க இப்படி வாதிட்டவர்கள் உண்டு.

காரணமும் விளைவும் இங்கே தலைகீழாக நிற்கின்றன. தொற்று அதிகம் இருந்ததால்தான் அந்தப் பதினொன்றும் கடுமையாக அடைக்கப்பட்டன. குடை விரித்த தெருவில்தான் மழை பெய்கிறது என்பதால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்வதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சாவு அதிகம் என்பதால் அங்கே மருத்துவம் மோசம் என்றும் சொல்ல முடியாது. நோய் முற்றியவர்களைத்தான் அங்கே கொண்டுபோகிறோம். ஊரடங்கும் நோய் முற்றிய இடத்துக்குக் கொடுத்த மருந்து.

அப்படியென்றால் தளர்வு கிடைத்த விருதுநகர் மாவட்டத்தில் நோய் ஏன் அடங்கியிருந்தது? அதற்கான ஒரு துப்பு 2021 ஜூலை இறுதியில் வந்தது. பொதுச் சுகாதாரத் துறை மறுபடியும் மாநிலம் முழுக்க எடுத்த ரத்த ஆய்வின் முடிவு அப்போது வெளியானது. மாநிலச் சராசரி 66 சதவீதம். எல்லா மாவட்டங்களிலும் உச்சம் எங்கே தெரியுமா? விருதுநகரில்: 84 சதவீதம். மிகக் குறைவு ஈரோட்டில்: 37 சதவீதம். சென்னை 82, மதுரை 79, கோவை 43.

இந்த எண்களை நான் முதன்முதலில் படித்த அன்று நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையம் காய்கறி மார்க்கெட்டிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் எதிரே வரும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோரின் உடல் கிருமியையோ தடுப்பூசியையோ ஏற்கெனவே சந்தித்திருந்தது. தடுப்பூசி அப்போது போட ஆரம்பித்து அரை வருடம்தான் ஆகியிருந்தது. அதனால் இந்த எண்ணில் பெரும்பங்கு நோய் வந்துபோனதால் வந்தது என்று கொள்ளலாம். ஜூன் மாதம் நம் மாவட்டம் அமைதியாக இருந்ததற்கு, நோய் எரிவதற்கு மிச்சமிருந்த விறகு குறைவு என்பது ஒரு முக்கியக் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஈரோட்டிலும் கோவையிலும் எரியாத விறகு நிறையக் கிடந்தது.

மாப்பிள்ளை சொன்ன 'அடைச்சும் எல்லாருக்கும் வந்துட்டுத்தான போச்சு' என்ற வார்த்தைக்கு, நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை, ரத்தமே சாட்சி. அதேசமயம், ஜூன் 7 வரை ஒரே ஆணையின் கீழ் வாழ்ந்த இரண்டு மாவட்டங்களில் ஒன்றில் 84, இன்னொன்றில் 37 என்றால், ஆணை மட்டும் நோயின் போக்கைத் தீர்மானிக்கவில்லை என்பதும் அதே எண்களில் இருக்கிறது.

எந்தத் தேதியில் இறங்கியது?

ஒப்பிட இன்னொரு ஊர் பொருந்தி வராவிட்டால், அதே ஊரின் 'முன்பு', 'பின்பு' இரண்டையும் ஒப்பிடுவார்கள். 2021-இல் தமிழ்நாட்டில் இரண்டு வார முழு ஊரடங்கு மே 10-இல் தொடங்கியது. தளர்வில்லாத ஊரடங்கு மே 24-இல் வந்தது. தினசரித் தொற்று உச்சத்தைத் தொட்டது மே 21 அன்று: 36,184.

கிருமி உடலில் நுழைந்து அறிகுறி தெரிய நான்கைந்து நாள்; பரிசோதனைக்குப் போய் முடிவு வர மேலும் சில நாள். ஆக, இன்று பட்டியலில் வரும் எண் பத்து நாளுக்கு முந்தைய நிலவரம். மே 21-இல் பதிவானவர்கள் பெரும்பாலும் மே 10-ஐ ஒட்டிய நாட்களில் கிருமியை வாங்கியவர்கள். அந்த நாட்களிலிருந்தே புதிய தொற்று குறைய ஆரம்பித்திருக்கிறது. மே 10 ஊரடங்குக்கு இது வலுவான ஆதரவு. மே 24-ஆம் தேதியின் கடும் ஊரடங்கு வந்தபோது உச்சம் ஏற்கெனவே கடந்திருந்தது. இறங்குவதை அது விரைவுபடுத்தியிருக்கலாம். இறங்கத் தொடங்கியதற்கு அது காரணமாக இருக்க முடியாது.

இதிலும் ஒரு முடிச்சு. மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதியில் ஊரடங்கு போட்டும், எல்லா மாவட்டமும் ஒரே தேதியில் இறங்கவில்லை. சென்னையில் மே நடுவிலிருந்தே தொற்று குறைந்தது. கோவையில் மே கடைசி வாரம் வரை ஏறியது. மே 26 அன்று கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. அலை முதலில் சென்னையில் கிளம்பி, பிறகு மேற்கே போனது என்பது ஒரு விளக்கம். முந்தைய ஆண்டிலேயே சென்னையில் பலருக்கு வந்துபோய்விட்டது என்பது இன்னொரு விளக்கம். மேற்கில் வேலைக்காக ஒரே கூரையின் கீழ் கூடுவோர் அதிகம் என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே இருந்திருக்கும். ஒரு தேதியை மட்டும் காட்டி 'இதனால்தான் இறங்கியது' என்று சொல்பவரிடம், 'ஏன் கோவையில் இறங்கவில்லை?' என்று கேட்க வேண்டும்.

சட்டமா, அச்சமா?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரையில் நேர்ந்ததும் அதே நாளில்தான். நம் ஊர்க்காரர்களுக்கு மதுரை என்பது பெரியாஸ்பத்திரிக்கு, ஜவுளிக்கு, கல்லூரிக்கு அடிக்கடி போய்வரும் ஊர். செய்தி கேட்ட அன்றே எத்தனையோ வீடுகளில் கதவு சாத்தப்பட்டது. போலீஸ் வந்து சொல்லித்தான் சாத்தினார்கள் என்று சொல்ல முடியுமா?

சட்டத்தையும் அச்சத்தையும் பிரித்து அளக்க ஒரு நல்ல வழி உண்டு. அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்றில் மட்டும் தடை இருக்க வேண்டும். செய்தியும் பயமும் இரண்டுக்கும் பொது. சட்டம் மட்டும் வேறு. அமெரிக்காவில் கூல்ஸ்பீ, சைவர்சன் என்ற பொருளியலாளர்கள் 2020-இல் இதைச் செய்தார்கள். அடுத்தடுத்த கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளில்) இருந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்கு வந்துபோன ஆட்களை, கைபேசித் தரவை வைத்து எண்ணினார்கள். கடைக்குப் போவோர் 60 சதவீதம் குறைந்திருந்தார்கள். அந்த அறுபதில் சட்டத்தால் குறைந்தது ஏழு புள்ளி மட்டுமே. மிச்சம் மக்கள் தாமாகவே ஒதுங்கியது.

நம் பகுதியிலும் அப்படி ஒரு கோடு இருந்தது. 2020 ஜூன் மாதம் பேருந்து ஓடத் தொடங்கியபோது அரசு மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தது. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் ஒரு மண்டலம். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி இன்னொன்று. மண்டலம் தாண்ட இ-பாஸ் வேண்டும். ராஜபாளையத்துக்குத் தெற்கே சிறிது தூரத்திலேயே தென்காசி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. அந்தக் கோட்டின் இரு பக்கமும் இருக்கும் ஊர்கள் ஒரே நெல்லை விளைவிப்பவை, ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுப்பவை. ஊர் ஊராக வாரத் தரவு கையில் இருந்தால், அடைப்பின் உண்மையான எடையை அங்கே நிறுத்துப் பார்த்திருக்கலாம்.

ஆனால் அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே பொருத்திவிடவும் கூடாது. அச்சத்தால் வீட்டில் இருக்க, வீட்டில் அரிசி இருக்க வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர் பயந்தாலும் வேலைக்குப் போயே ஆக வேண்டும். ஆலையோ கடையோ சட்டப்படி மூடப்பட்டால்தான் அவர் வீட்டில் இருக்க முடியும். 2020-இல் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசியும், 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் கொடுத்ததை நிவாரணமாக மட்டும் பார்க்கிறோம். நோய்ப் பரவலின் கணக்கில் அதுவும் ஊரடங்கின் ஓர் உறுப்பு. பசியோடு இருப்பவர் மேல் எந்த ஆணையும் நீண்ட நாள் நிற்காது.

எதை அடைத்தது பலன் தந்தது?

'ஊரடங்கு' என்ற ஒரு சொல்லுக்குள் பத்துக் காரியங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. பள்ளி மூடல், கோயில் மூடல், கூட்டத் தடை, பேருந்து நிறுத்தம், கடை நேரக் குறைப்பு, வீட்டைவிட்டு வெளியே வரத் தடை. எல்லாவற்றுக்கும் ஒரே பலன் இருக்க முடியாது.

இந்த இடத்தில் உலகத்துக்கே வழிகாட்டிய ஓர் ஆய்வு நம் மண்ணிலிருந்து போனது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளின் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ரமணன் லட்சுமிநாராயண் தலைமையிலான குழு அந்தப் பதிவுகளை ஆராய்ந்து 2020 செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. ஏறத்தாழ 85 ஆயிரம் நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5 லட்சத்து 75 ஆயிரம் பேர். கண்டது என்ன? நோயாளிகளில் சுமார் 71 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று தென்படவில்லை. மிகச் சிலர்தான் ஏராளமானவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

நோய் சீராகப் பரவுவதில்லை, கொத்துக் கொத்தாகப் பரவுகிறது என்பது இதன் பொருள். ஆகவே கொத்து உருவாகும் இடத்தை அடைப்பதே அதிகப் பலன் தரும். காற்று வெளியேறாத மண்டபம், நெருக்கியடித்த பேருந்து, குளிர்பதன அறை, மார்க்கெட்டின் மூடிய சந்து. 41 நாடுகளின் முதல் அலையை ஆராய்ந்த பிரவுனர் குழுவும் 2020 டிசம்பரில் அதே இடத்துக்கு வந்தது. கூட்டத்தைப் பத்துப் பேருக்குள் கட்டுப்படுத்தியதும், பள்ளி, கல்லூரிகளை மூடியதும், ஆட்கள் நேருக்கு நேர் பழகும் தொழில்களை நிறுத்தியதும் பெரும் பலன் தந்தன. இவற்றுக்கு மேல் 'யாரும் வெளியே வராதே' என்று சொன்னதால் கிடைத்த கூடுதல் பலன் சிறிது.

ஆடிப்பூரம் இதற்கு நம் ஊர் உதாரணம். 2020-இலும் 2021-இலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடவில்லை. ரத வீதிகள் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்து அழுத பாட்டிமார்களை எனக்குத் தெரியும். தேர் இழுப்பது திறந்தவெளியில். திறந்தவெளியில் கிருமி காற்றில் கரைந்துவிடும். ஆனால் தேருக்கு வருகிறவர்கள் பேருந்தில் ஒருவர் மடியில் ஒருவராக வருவார்கள், மண்டபத்தில் வரிசையாகப் படுப்பார்கள், சாப்பாட்டுக்கூடத்தில் தோளோடு தோள் உரச உட்கார்வார்கள், பிறகு நூறு ஊர்களுக்குப் பிரிந்து போவார்கள். அந்த இரண்டு வருடம் தேரை நிறுத்தியது எனக்கு நியாயமாகவே படுகிறது. அதே ஊரில், வயலில் தனியாகக் களை எடுக்கப் போன பெண்ணை வழிமறித்துத் திருப்பி அனுப்பியதற்கு அந்த நியாயம் கிடையாது.

ஊரடங்கை அறிவிக்கும் விதமே கூட்டத்தை உண்டாக்கிவிடுவதும் உண்டு. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, மதுரை, கோவையில் 26-ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு அடைப்பு என்று அறிவித்தார்கள். நடுவே இருந்த ஒரே சனிக்கிழமை சந்தைகளில் ஜனம் அலைமோதியது. அதையொட்டிய நாட்களில் கோயம்பேடு சந்தையில் பெருங்கொத்து வெளிப்பட்டது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், அரியலூர், விழுப்புரம், பெரம்பலூர் என்று நோய் போய்ச் சேர்ந்தது. ரத்த ஆய்வில் பெரம்பலூர் உச்சத்தில் நின்றதைப் படித்தபோது எனக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது.

கொடுத்த விலை, வாங்கிய காலம்

பலனைக் கணக்கிடுகிறவர் விலையையும் கணக்கிட வேண்டும். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2020 மார்ச் நடுவில் பள்ளியைவிட்டு வந்தவர்கள், திரும்பிப் போனது 2021 நவம்பர் 1-இல். ஏறத்தாழ இருபது மாதம். அபிஜித் சிங், மொரிசியோ ரோமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019-இல் அதே வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததோடு ஒப்பிட்டால் கணக்கில் பெரும் பின்னடைவு. மொழியில் அதில் பாதியளவு. ஆறுதல் என்னவென்றால், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் கால் பங்குக்கு நெருக்கமாக 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளின் பங்கு இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்த நம் ஊர்ப் பெண்களின் உழைப்பு அது.

இத்தனை விலை கொடுத்து வாங்கியது என்ன? காலம். நோயைத் தள்ளிப்போடுவதற்கும் அப்போதே வாங்கிக்கொள்வதற்கும் வித்தியாசம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். தடுப்பூசி வரும் நோயில் அந்த வித்தியாசம் மலையளவு. இந்தியாவில் தடுப்பூசி 2021 ஜனவரி 16-இல் தொடங்கியது. 2021 மே கடைசி வாரத்தில் தமிழ்நாட்டில் ஒரு நாளில் பதிவான கொரோனா மரணங்கள் 400-ஐத் தாண்டின. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலை 30 ஆயிரத்துக்கு மேல் ஏறியபோது மரணங்கள் அதில் ஒரு சிறு பங்காகவே இருந்தன. வைரஸ் மாறியிருந்தது என்பது ஒரு காரணம். உடல்கள் தயாராக இருந்தன என்பது இன்னொரு பெரிய காரணம். 2021 மே மாதத்தில் வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டவர், 2022-இல் தடுப்பூசியோடு அதைச் சந்தித்தார்.

சுவீடனைக் காட்டி, அடைக்கவே தேவையில்லை என்று வாதிடுகிறவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. பக்கத்து நார்வேயைவிட லேசாக அடைத்த சுவீடனில், 2020 முடிவில் ஆள் கணக்கில் வகுத்தாலும் கொரோனா மரணம் பல மடங்கு. ஆனால் 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகளிலும் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த எல்லாச் சாவுகளையும் கூட்டிப் பார்த்தால், ஐரோப்பாவில் குறைவாக இழந்த நாடுகளில் சுவீடனும் ஒன்று. எங்கே கோடு போட்டு நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே நாடு தோற்றதாகவும் தெரியும், ஜெயித்ததாகவும் தெரியும்.

வழக்கத்துக்கு மேல் நேர்ந்த சாவு. நான் கடைசியாக நம்பும் அளவுகோல் இதுதான். பரிசோதனை எண் ஏமாற்றலாம். சாவுக்கான காரணத்தை மாற்றி எழுதலாம். ஒருவர் இறந்தார் என்பதை மறைப்பது கடினம். இந்தியாவில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. இந்திய அரசின் கணக்கோ ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம். அரசு அந்த மதிப்பீட்டு முறையை ஏற்கவில்லை. பத்து மடங்கு இடைவெளியில் ஒரு தேசம் விவாதித்துக்கொண்டிருக்கும்போது, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளின் இறப்புப் பதிவேடுகள் அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு வாரமும் எத்தனை பதிவு, ஐந்து ஆண்டு வழக்கம் எவ்வளவு என்று ஊருக்கு ஊர் பலகையில் எழுதிப் போட்டால் போதும். நாம் பார்க்காத அந்த இரண்டாவது ராஜபாளையத்துக்கு அதைவிடப் பக்கத்தில் கொண்டுபோகும் வழி எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளையின் அடுப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். அவர் கரண்டியை வாணலியின் அடியில் தேய்த்துக் கிண்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சீக்கிரமாக, கூட்டம் கூடும் இடங்களை, கொஞ்ச நாளுக்கு அடைத்தது உயிரைக் காத்தது. தாமதமாக, எல்லாவற்றையும், நெடுநாளுக்கு அடைத்ததில் கிடைத்தது குறைவு, கொடுத்தது அதிகம் என்பதே என் முடிவு என்றேன். அத்தான் சொன்னதும் சரி, நீங்கள் சொன்னதும் சரி என்று சமாதானம் சொல்லவில்லை. அத்தான் பயந்ததற்கு 2021 மே மாதத்துக் கணக்கில் ஆதாரம் இருக்கிறது என்றும், நம் மாவட்டத்தை அடைப்பு முழுதாகக் காக்கவில்லை என்பதற்கு அந்த 84 சதவீதம் ஆதாரம் என்றும் சொன்னேன்.

பால் சுண்டி நிறம் மாறத் தொடங்கியிருந்தது. தீயைக் குறைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"சரி, அடுத்த தடவை ஒண்ணு வந்து அடைக்கணும்னா அடைக்கட்டும். அன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு மாடு கறக்குமே, அந்தப் பால யாரு வாங்குவா?"

அதற்கான பதிலையும் ஆணையிலேயே எழுதிவைக்க வேண்டும். எந்தச் சங்கம் எடுத்துக்கொள்ளும், என்ன விலைக்கு, எத்தனை நாளுக்கு என்று. அது எழுதப்படாத ஊரடங்கு, நாலாவது நாள் அவர் கடையின் பின்கதவு வழியாகவே உடைந்துபோகும்.